மணிமங்கலமும் புள்ளலூரும்: சாலையோர நினைவுக்கற்கள் பற்றி ஓர் ஆய்வு

தொண்டை நாட்டின் பெருவழிகளுள் இன்று மிகுந்த போக்குவரத்துடையன, திருப்பெரும்பூதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்த சாலைகளாம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் ஆலைக்கு அடிகோலப்பெற்ற பின்னர், இவ்வட்டாரத்து ஏரிக்கரை ஊர்கள் பல ஆலைகளின் பெயராலேயே அறியப்படுகின்றன. வழிகாட்டிப் பலகைகளும் அவற்றையே முதற்கண் சுட்டுகின்றன. பழஞ்செய்தி என்ற அளவில் இராமாநுசர் பிறந்த பதி என்பதும், 1991 மே 21-இல் இராசீவ் காந்தி கொலையுண்ட இடத்தில் எழுந்த நினைவிடமுமே வழிப்போக்கர் அறிவன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, முந்தைய, நெடிய வரலாறு சாலையோரத்தில் எவ்வாறு பேசப்படுகின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

தாம்பரத்திலிருந்து மேற்கே திருப்பெரும்பூதூர் நோக்கிச் செல்லும் வழியில் மணிமங்கலம் உள்ளது. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்க்களங்களில் இரண்டாம் புலிகேசியை முறியடித்தான் என்று கூறுகின்றது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்பது அச்செப்பேட்டுப் புலவனின் கற்பனை. உதயேந்திரம் செப்பேடும் இவ்வூர்களையே குறிக்கின்றது. 642-இல் வாதாபி வீழ்வதற்கு முன் நிகழ்ந்த இப்போரே பல்லவரின் தலைநகரைக் காத்தது. காஞ்சிக்கு இத்துணை அணுக்கமாகப் பகைப்படை வந்திருந்தது என்பதற்கு இவ்வூர்ப் பெயரே நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்று.

ஆயினும் மணிமங்கலத்தில் நின்று கல்லைத் தேடுவார்க்குக் கிடைப்பது வேறொன்று. இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ச் இவற்றைப் பதிப்பித்தார். இரண்டாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கொப்பத்துப் போரை விரிக்கின்றது. வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூடல்சங்கமத்தைப் பாடுகின்றது. துங்கபத்திரை, கிருட்டிணை ஆற்றங்கரைகளில் நிகழ்ந்த போர்களை எல்லாம் இச்சுவர்கள் சொல்கின்றன. தாம் நிற்கும் மண்ணிலேயே நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த போரைப் பற்றி அம்மெய்க்கீர்த்திகளில் ஒரு சொல்லும் இல்லை. இதில் வியப்பில்லை. நினைவுக்கல் நடுவோன் தன் குலத்துப் புகழையே நடுகின்றான். நிலத்தின் வரலாற்றை எழுதுதல் அவன் கருத்தன்று.

இக்கல்வெட்டுகள் தரும் பிறிதொரு செய்தி எமக்கு இன்னும் பெரிதாகப் படுகின்றது. இவ்வூர் உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும், வேறு பெயர்களாலும் காலந்தோறும் மாற்றி வழங்கப்பெற்றது. அரசாணையால் வந்த அப்பெயர்கள் கல்லில் மட்டும் நின்றன. உழவர் நாவில் மணிமங்கலமே நிலைத்தது. நிலைத்திராவிடின் கூரம் செப்பேட்டு மணிமங்கலம் எது என்று துணிதற்கு நமக்கு வழி ஏது?

இனிப் புள்ளலூரை நோக்குவோம். காஞ்சிக்கு வடக்கே உள்ள இவ்வூரில் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றான் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறும். அப்பகைவர் யார் என்பதை அது சொல்லவில்லை. புலிகேசியே என அறிஞர் பலரும் கொள்வர். ஆனால் 634-ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டில் இரவிகீர்த்தி, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தவன் தன் அரசன் என்கிறான். இரு தரப்பும் வெற்றியைத் தமதென்றே கூறும் நிலையில், ஒன்றை மட்டும் பலகையில் பொறித்தல் வரலாறாகாது.

அதே புள்ளலூரில் இன்று காணக்கிடைப்பன கூர்நுனித் தூண்கள் இரண்டு. 1781 ஆகத்து 27-இல் ஐதர் அலியின் படையோடு அயர் கூட் பொருதபோது மாண்ட ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் ஆங்கில அதிகாரிகள் இருவர்க்கு எடுத்தவை அவை. அதற்கு முந்தைய ஆண்டு, 1780 செப்டம்பர் 10-இல், அதே வட்டாரத்தில் பெய்லியின் படை முழுதும் அழிந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் அதுவரை கண்டிராத தோல்வி அது. அத்தோல்வியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு ஓவியமாகத் தீட்டுவித்தான். போர் நடந்த மண்ணிலோ அதிகாரிகள் இருவர் பெயர்களே நிற்கின்றன. அவ்விரு போர்களிலும் இருபுறமும் நின்று மடிந்த நாட்டுச் சிப்பாய்கள் ஒருவர்க்கும் அங்குக் கல் இல்லை. நடுகல் மரபில் ஆநிரை மீட்டுப் பட்ட எளிய வீரனுக்கும் பெயரும் ஊரும் பொறித்துக் கல் எடுத்த நாட்டில் இது நேர்ந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

தொல்லியல் துறையின் நீலப் பலகைகள் இக்குறையைத் தீர்ப்பனவல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் தண்டனையும் அவற்றில் உள்ளன. பலர் அப்பலகையை எச்சரிக்கை என்றே படித்து அகல்கின்றனர். சின்னத்தைச் சூழ நூறு மீட்டர்க்குள் கட்டடம் கூடாது என்ற 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தூணையும் கோயிலையும் காக்கும். எல்லை வகுக்கப்படாத போர்க்களத்தையும் ஊர்ப்பெயரையும் அது காவாது.

மணிமங்கலத்துச் சாலையில் பலகை ஒன்று நிறுவப்பெறின், கூரம், உதயேந்திரம் செப்பேடுகளின் பெயர்களும், நரசிம்மவர்மன், புலிகேசி இருவர் பெயர்களும் அதில் இருத்தல் போதும். புலிகேசி இங்கு மாண்டான் என்பது போன்ற புனைவு வேண்டா. அதனினும் விரைந்து செய்தற்குரிய பணி ஒன்றுண்டு. பரியளமும் சூரமாரமும் எவ்வூர்கள் என்பது இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களின் நிலங்கள் தொழிற்பேட்டை மனை எண்களாக மாறி வருகின்றன. வயல், திடல், தாங்கல் ஆகியவற்றின் பெயர்களைப் பழைய நில ஆவணங்களிலிருந்தும் முதியோர் வாய்மொழியிலிருந்தும் முதுகலை மாணவர் இப்பொழுதே தொகுத்தல் வேண்டும். செப்பேட்டில் மட்டும் எஞ்சிய அவ்விரு பெயர்களுள் ஒன்று, சிதைந்த வடிவில், யாதானும் ஒரு தாங்கலின் பெயராய் இன்றும் வழங்கி வரலாம்.