தீர்மானம் சங்கத்துடையது, செலவு ஹேலியுடையது



சங்கக் கூட்டத்தில் ஒரு வேலைக்குத் தீர்மானம் போட்டுவிட்டு, "பணத்துக்கு என்ன வழி?" என்று யாராவது கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1686-இல் லண்டன் ராயல் சொசைட்டியிலும் அதுதான் நடந்தது. அச்சுக்குப் போக வேண்டியிருந்தது ஐசக் நியூட்டனின் 'பிரின்சிபியா'. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த இயக்க விதிகளுக்கும் ஈர்ப்பு விதிக்கும் அதுதான் மூல நூல்.

அந்த நூலை எழுத வைத்ததே வானியலாளர் எட்மண்ட் ஹேலிதான். 1684 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனிடம் ஒரு கேள்வி கேட்டார். தொலைவு இரு மடங்கானால் சூரியனின் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று வைத்துக்கொண்டால், கோள் எந்தப் பாதையில் சுற்றும்? "நீள்வட்டம்" என்று பதில் உடனே வந்தது. கணக்குப் போட்ட தாளைத்தான் காணோம்! (நம் வீட்டில் சொத்து வரி ரசீதைத் தேடுகிற கதைதான்.) நவம்பரில் ஒன்பது பக்கங்களில் விடை வந்தது. ஹேலி விடவில்லை. ஒன்பது பக்கம், மூன்று பாகம் கொண்ட சுமார் 500 பக்க லத்தீன் நூலாக வளர்ந்தது.

சொசைட்டியின் கஜானாவோ காலி. பிரான்சிஸ் வில்லோபியின் மீன்களைப் பற்றிய நூலை அழகழகான படங்களோடு அச்சிட்டிருந்தார்கள், விற்கவில்லை. எனவே ஜூன் 2 அன்று ஒரு தீர்மானம்: நூலை ஹேலி தம் சொந்தச் செலவில் அச்சிட வேண்டும். அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்துக்குப் பதிலாகவும் பின்னர் 50 மீன் புத்தகங்களைத்தான் கொடுத்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி ராபர்ட் ஹூக். ஈர்ப்பு பற்றிய அந்தக் கருத்து தன்னுடையது என்றார் அவர். நியூட்டனுக்குக் கோபம், மூன்றாம் பாகத்தையே தரப்போவதில்லை என்றார். சந்திரன், கடல் ஓதம், வால்நட்சத்திரம் எல்லாம் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று காட்டும் பாகம் அதுதான். கடிதம் மேல் கடிதம் எழுதி ஹேலி அவரைச் சமாதானப்படுத்தினார். அச்சுப் பிழையும் அவரே திருத்தினார்.

1687 ஜூலையில் நூல் வெளிவந்தது. முகப்பில் பெரிய எழுத்தில் சொசைட்டித் தலைவர் சாமுவேல் பெப்பிஸின் பெயர். ஹேலிக்கு முன்னுரையில் நியூட்டன் சொன்ன நன்றி.

நியூட்டனின் விதிகளைக் கொண்டு, 1682-இல் தோன்றிய வால்நட்சத்திரம் 1758 கடைசியில் திரும்ப வரும் என்று ஹேலி பின்னாளில் கணித்தார். 1742-இல் இறந்துபோனார். 1758 கிறிஸ்துமஸ் அன்று அது தென்பட்டது. அடுத்து 2061-இல் வரும். நம் குடியிருப்பில் இன்று சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் அன்று மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம், மாடி விளக்குகளை யாராவது அணைத்தால்.