போர்க்குழியில் சிரிப்பும் செவிப்பிழையும்

முதலாம் உலகப் போரின்போது (1914–1918) மேற்கு முனைப் பதுங்குகுழிகளில் கிடந்த ஆங்கிலச் சிப்பாய், தன் தாயகத்தை ‘பிளைட்டி’ என்றான். இஃது இந்தியாவிலிருந்து அவன் படை கொண்டு சென்ற ‘விலாயத்தி’ என்னும் சொல்லின் திரிபு. ஈப்ர் என்னும் பெல்ஜிய நகரம் அவன் வாயில் ‘வைப்பர்ஸ்’ ஆயிற்று. சாவு தலைக்குமேல் பறக்கையில், வாயில் நுழையாத பெயரைத் திரித்துச் சிரிப்பதும் அச்சத்திற்கு ஒரு மருந்தே. ஆயினும், போர்க்களத்துச் செவிப்பிழை யாவும் சிரிப்பில் முடிவதில்லை. இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டா. புந்தோங்கை அடுத்துத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையே போதும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் வட மலாயாவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கிய ஜப்பானியர், அம்மாத இறுதிக்குள் ஈப்போவைப் பிடித்தனர். அவர்களை எதிர்த்தது 11ஆம் இந்திய டிவிஷன். அதில் பஞ்சாபியரும் சீக்கியரும் கூர்க்கரும் ஆங்கிலேயரும் இருந்தனர். இந்தியப் படைக்குப் பொதுமொழி உருது. ஆனால், படை அவசரமாகப் பெருக்கப்பட்டதால், புதிய ஆங்கில அதிகாரிகள் பலர் அம்மொழியைச் சரிவரக் கற்றிலர். மலாயாவில் பிரிட்டிஷாருக்கு டாங்கி ஒன்றுகூட இல்லை. சிப்பாய்களில் பலர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.

ஜப்பானிய டிவிஷன் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் இருந்தன. வெயிலில் டயர் வெடித்தால், வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிச் சென்றனர். இருளில் எழுந்த அந்தக் கடகட ஓசையை டாங்கிகளின் ஓசையென மயங்கி எதிர்ப்படையினர் ஓடினர் என்று, படையெடுப்பைத் திட்டமிட்டோருள் ஒருவரான சுஜி மசானோபு பின்னர் எழுதினார்.

சைக்கிளுக்கு அஞ்சி ஓடினான் சிப்பாய் என்று இதைச் சொல்லிச் சிரிப்போர் உளர். இது வென்றவர் சொன்ன கதை என்பதை மறத்தல் கூடாது. அதே சிப்பாய்கள் டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பார்க் குன்றுகளில் குழி தோண்டி நின்று போரிட்டனர். இழந்த குழிகளை மீட்கச் சீக்கியர் துப்பாக்கிமுனைக் கத்தியுடன் பாய்ந்தனர். கடல்வழியே வந்த பகைவர் பின்புறத்தை அறுத்துவிடுவர் என்ற நிலை எழுந்தபோதே பின்வாங்கினர். இவர்களையா கோழைகள் என்பது?

அடுத்த இடம் சிலிம் ரிவர். ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் உண்மையான டாங்கிகளே வந்தன. முன்னணி உடைந்த செய்தி பின்னணிக்கு எட்டவில்லை. போதிய தொலைபேசிக் கம்பி இல்லை. ஒன்றும் அறியாது சாலையில் அணிவகுத்துச் சென்ற கூர்க்கர்மீது டாங்கிகள் பின்னாலிருந்து பாய்ந்தன. காலைக்குள் அவை ஏறத்தாழ 19 மைல் ஊடுருவின. மூவாயிரம் பேருக்கு மேல் சிறைப்பட்டனர். நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூரும் வீழ்ந்தது.

டாங்கி இல்லாதபோது, ‘அது சைக்கிள்தான்’ என்று சொல்ல ஆளில்லை. டாங்கி வந்தபோது, ‘வருகிறது’ என்று சொல்லக் கம்பியில்லை. முன்னதைக் கேட்டுச் சிரிக்கிறோம். பின்னதில் மாண்டவர்களை மறந்துவிட்டோம். இரண்டிலும் குறை ஒன்றே: வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் சேரவில்லை. அக்குறை குழியில் கிடந்த சிப்பாயினது அன்று.