கைமருந்து: கண்டிப் பகுதியில் உடல்வலிக்கான வீட்டு வைத்தியம்

கைமருந்து என்பது, வைத்தியரிடம் போகாமல், அடுக்களையில் இருக்கும் சரக்கையும் வேலியோரத்தில் கிடைக்கும் இலையையும் வேரையும் கொண்டு வீட்டாரே செய்துகொள்ளும் மருந்தாகும். கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கம்பளை, ஹேவாஹெட்ட, மாத்தளை முதலிய ஊர்களிலும் தலைவலி, பல்வலி, மூட்டுவலி, இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு, காய்ச்சலோடு வரும் மேல்வலி ஆகியவற்றுக்கு முதலில் செய்யப்படுவது இன்றும் இதுவே. சிங்களத்தில் இதற்கு வழங்கும் 'அத் பெஹெத்' என்னும் தொடரும் சொல்லுக்குச் சொல் 'கை மருந்து' என்றே பொருள்படுகிறது. இரு மொழியினரும் ஒரே மலைச்சாரலில் ஒரே நோய்களோடு நெடுங்காலம் வாழ்ந்ததனை இந்தப் பெயர் ஒற்றுமையே காட்டிவிடும்.

கண்டிப் பகுதியின் மருந்து வழக்கம் பற்றி வெளியாள் ஒருவர் நேரில் கண்டு எழுதிய பழைய குறிப்புகளுள் முதன்மையானவை ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயருடையவை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் சிறையிருந்த அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், அங்குள்ள மக்களுக்குக் காடே மருந்துக்கடையாக இருந்ததென்றும், இலையும் பட்டையும் கொண்டு தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே செய்துகொண்டனரென்றும் கூறுகிறார். தொண்டையில் கட்டி வந்து உணவு விழுங்க இயலாதிருந்தபோது, 'அமரங்க' என்னும் மரத்தின் பட்டையை மென்று உமிழ்நீரை விழுங்கியதால் ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் தாம் குணமடைந்ததாக அவர் எழுதியிருப்பது, வைத்தியரின் ஏட்டிலிருந்து வந்த செய்தியன்று. நோயாளி ஒருவரின் சொந்த அனுபவம். கைமருந்தின் வரலாற்றில் இத்தகைய சான்று அரிதாகவே கிடைப்பதால் அதன் மதிப்பு பெரிது.

அரண்மனையில் மருந்து வேறு வகையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. 'பெஹெத்கே', அதாவது மருந்து இல்லம், எனப்பட்ட அரச மருத்துவப் பிரிவு அங்கே இயங்கியது. அதில் சிங்கள வைத்தியர்களோடு, கோபால மரபினர் என அறியப்பட்ட முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தினரும் பணிபுரிந்தனர். 1739இல் நாயக்கர் மரபினர் அரியணை ஏறிய பின்னர், அரசரின் உறவினர் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியதனால் தமிழ்நாட்டுத் தொடர்பும் அரண்மனைச் சூழலில் வலுப்பெற்றது. இவ்வாறு, வடமொழி வழிவந்த ஆயுர்வேதமும், தீவின் சொந்த மரபாகிய 'தேசீய சிகிச்சை'யும், முஸ்லிம்களின் யுனானியும், தமிழரின் சித்த வைத்தியமும் ஒரு சிறிய மலை இராச்சியத்துக்குள் அருகருகே இருந்தன. ஆனால் ஏட்டில் ஏறியவை வைத்தியக் குடும்பங்களின் முறைகளே ஆகும். வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தவற்றை எழுத எவரும் முற்படவில்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின், மூலிகைகள் தாவரவியல் பெயரோடு பதிவாகத் தொடங்கின. படை மருத்துவரான ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் உள்நாட்டு மக்களின் மருத்துவம் பற்றியும் எழுதினார். அதே ஆண்டில் பேராதனையில் அலெக்சாண்டர் மூன் அமைத்த தாவரவியல் பூங்கா பின்னாளில் நாட்டின் தாவர ஆராய்ச்சிக்கு மையமாயிற்று. குளிர்காய்ச்சலையும் அதனோடு வரும் உடல்வலியையும் தணிக்கும் குயினைன் பெறப்படும் சின்கோனா மரத்தை இத்தீவில் வளர்க்கும் முயற்சியும் பேராதனை அறிஞர்களின் பொறுப்பில் நடந்தது. அதற்கெனவே 1861இல் ஹக்கலையில் ஒரு தோட்டம் நிறுவப்பட்டது.

கண்டிப் பகுதியின் கைமருந்து மரபைப் பெரிதும் விரிவாக்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. 1820களில் கம்பளைக்கு அருகே கோப்பிப் பயிர் வேரூன்றிய காலந்தொட்டு, இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தே மலையேறின. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. கண்டிக்கு இரயில் வந்த 1867ஆம் ஆண்டிலேயே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயால் அழிந்து தேயிலை நிலைத்தபின், உடல்வலியின் தன்மையும் மாறியது. கோப்பி பறிப்பது ஆண்டில் சில மாதங்களே. கொழுந்து பறிப்பதோ ஆண்டு முழுவதும் ஓயாத வேலை.

கொழுந்து பறிக்கும் பெண், கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, சுமையை முதுகில் தாங்கி, சரிவில் ஒரு காலை உயர்த்தி ஒரு காலைத் தாழ்த்தி நாள் முழுவதும் நிற்கிறாள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோகிராமை ஒட்டிய கொழுந்து அவளிடம் எதிர்பார்க்கப்படுகிறது. கயிறு அழுத்தும் உச்சந்தலையில் தொடங்கும் வலி கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என இறங்குகிறது. பனியும் மழையும் குளிரும் அதனை மிகுவிக்கின்றன. தோட்டங்களுக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டங்கள் 1872இலும் 1912இலும் இயற்றப்பட்டபோதிலும், அவை முதன்மையாகக் கருதியது கொள்ளைநோயையும் காய்ச்சலையும் பிள்ளைப்பேற்றையுமே. நாளாந்த இடுப்பு வலிக்காக ஒருநாள் சம்பளத்தை இழந்து மருந்துச்சாலையில் காத்திருக்க எவராலும் முடியவில்லை. ஆகவே அந்த வலி, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்துக் காம்பராவின் அடுப்பங்கரைக்கே வந்துசேர்ந்தது.

அங்கே நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் அதன் நேர்த்தி புலப்படும். முழங்கால் வீங்கியவருக்கு ஆமணக்கிலையின் ஒரு பக்கத்தில் எண்ணெய் தடவி, தணலில் வாட்டி, இலை துவண்டு சூடு பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் மூட்டின்மேல் வைத்துத் துணியால் கட்டுவர். பிடிப்புக்கு நொச்சி இலையையோ தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, அந்த முடிச்சினால் வலியுள்ள இடத்தில் விட்டு விட்டு ஒற்றியெடுப்பர். இதுவே 'ஒத்தடம்' எனப்படும். அரைத்த மருந்தைச் சுடவைத்துப் பூசுவது 'பற்று'; நொச்சி போன்ற இலைகளைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது 'வேது'; சுளுக்குக்கு எண்ணெயிட்டு ஒரே திசையில் விரலால் இழுத்துவிடுவது 'நீவுதல்' அல்லது 'வழித்தல்'. முடக்கற்றான் ரசமும் பூண்டு சேர்த்த கஞ்சியும் உள்ளுக்குக் கொடுக்கப்படும். யாழ்ப்பாணத்தவர் 'உள்ளி' என்பதை மலையகத்தார் 'வெள்ளைப்பூண்டு' என்றே சொல்வது, இம்மருந்துகள் எந்த வழியாக வந்தன என்பதற்கு ஒரு சிறிய அடையாளம். நொச்சியின் முதிர்ந்த பச்சை இலைகளுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் இயல்பு உண்டென இலங்கை ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து 2003இல் வெளியிட்டனர். மனிதரிடத்தில் அளவும் பயனும் உறுதியாக இதனினும் விரிந்த ஆய்வு வேண்டுமாயினும், லயத்துப் பெண்களின் தெரிவு வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு அது வலுவான ஆதாரமே.

நகரத்திலும் சிங்களக் கிராமங்களிலும் மேல்வலிக்கும் தடிமனுக்கும் முதல் மருந்து கொத்தமல்லிக் குடிநீர். அதன் விரிந்த வடிவம் 'பஸ்பங்குவ', அதாவது 'ஐந்து பங்கு', எனப்படும் சரக்குப் பொதியாகும்: கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி ஆகிய ஐந்தையும் நீரிலிட்டு, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்சிச் சூடாகக் குடிப்பர். மரமஞ்சள் சிங்களத்தில் 'வெனிவெல்கெட்ட' எனப்படும். ஈரவலயக் காடுகளில் படரும் இந்தக் கொடியின் மஞ்சள் நிறத் தண்டில் பெர்பெரின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. வெட்டுக்காயம் பட்டவருக்கு ஏற்புவலி வராதிருக்க இதனைக் காய்ச்சிக் கொடுப்பது கிராம வழக்கம். எனினும் ஏற்புவலியைத் தடுப்பது தடுப்பூசியே என்பதனையும் சேர்த்துச் சொல்லாமல் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுவது முறையாகாது.

பல்வலிக்குக் கராம்பு பயன்படுவது உலகெங்கும் அறிந்த செய்தி. ஆனால் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அது வீட்டுத் தோட்டத்து மரம். கடையில் வாங்கவேண்டிய தேவை இல்லை. கராம்பின் எண்ணெயிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்து வலியைச் சிறிது நேரம் அடக்குகிறது. பல் வைத்தியரும் அப்பொருளைப் பயன்படுத்துகின்றனர். தலைவலிக்குச் சாதிக்காயையோ சுக்கையோ உரைத்து நெற்றியில் பற்றுப்போடுவதும் இவ்வாறே தோட்டத்திலிருந்து நேரே நெற்றிக்கு வரும் வைத்தியம்.

இருபதாம் நூற்றாண்டில் உள்நாட்டு மருத்துவம் அரசின் ஏற்பைப் பெற்றது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசீய சிகிச்சை ஆகிய நான்கையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. இதே காலத்தில் கைமருந்து சந்தைக்கும் போனது. ஹெட்டிகொட குடும்பத்தின் 'சித்தாலேப' களிம்பும், சிங்கப்பூரிலிருந்து வந்து தோட்டங்களில் நிலைபெற்ற கோடாலித் தைலமும், பஸ்பங்குவவின் வழியில் வந்த உடன் கரையும் 'சமஹன்' தூளும் அடுப்படி வேலையைச் சிறு குப்பிக்கும் பைக்கும் மாற்றின. கண்டி மாத்தளை வீதியோரத்து வாசனைத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லா நோயும் தீருமென்று சொல்லி விற்கப்படும் தைலங்கள் மட்டும் இம்மரபின் இயல்புக்கு ஒவ்வாதவை. கைமருந்து ஒருபோதும் எல்லா நோயையும் தீர்ப்பதாகச் சொன்னதில்லை.

கொரோனா காலத்தில் இந்த வேறுபாடு கண்முன்னே தெரிந்தது. 2020 டிசம்பரில் கண்டிக்கு அடுத்த கேகாலையில் இரகசியப் பாணி ஒன்றுக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதே நாட்களில் வீடுகளில் கொத்தமல்லியும் இஞ்சியும் எப்போதும்போல் காய்ச்சப்பட்டன. முன்னையதில் சேர்மானம் மறைக்கப்படுகிறது. பின்னையதில் சேர்மானத்தை அண்டை வீட்டார் அனைவரும் அறிவர். இறக்குமதித் தடையால் மஞ்சளின் விலை அவ்வாண்டில் பன்மடங்கு உயர்ந்ததும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆங்கில மருந்துகள் தட்டுப்பாடானதும், கைமருந்தின் தேவையையும் அதன் சரக்குகளுக்கு வந்துள்ள நெருக்கடியையும் ஒருசேர உணர்த்தின.

இம்மரபின் எல்லையைக் கூறாத குறிப்பு குறைபாடுடையது. வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும்வலி வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணின் பின்புறமும் மூட்டுகளும் வலித்துக் காய்ச்சல் அடித்தால் டெங்கு என்றே ஐயுறவேண்டும். இரண்டிலும் ஒத்தடமிட்டு நாள் கடத்துவது உயிருக்கு ஆபத்து. சில பழைய சேர்மானங்களில் இடம்பெறும் ஈச்சுரமூலியில் (சிங்களத்தில் 'சப்சந்த') சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருப்பதனால் அதனை வீட்டில் காய்ச்சிக் குடிப்பதும் தகாது.

பெயர்க் குழப்பம் இன்னொரு இடர். தமிழ்நாட்டுச் சித்த நூல்களின் பற்படாகமும் கண்டியின் பொதியிலுள்ள பற்படாகமும் வெவ்வேறு செடிகள். வட இந்தியாவில் மரமஞ்சள் என்று கொள்ளப்படுவதும் இங்குள்ள கொடியன்று, ஒரு முட்புதர். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற தமிழ் வைத்திய நூல்களும் சிங்கள வைத்தியரின் ஏடுகளும் அச்சேறிவிட்டன. இரண்டு நூற்றாண்டுகளாக லயங்களில் வளர்ந்த கைமருந்துக்கு மட்டும் அத்தகைய ஏடு இல்லை. அது கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற முதிய பெண்களின் நினைவிலேயே இருக்கிறது. அவர்கள் எந்த இலையைச் சொல்கிறார்கள் என்பதைச் செடியோடும், அதன் தமிழ், சிங்கள, தாவரவியல் பெயர்களோடும், அளவோடும் எழுதிவைக்கும் வேலையை மலையக இளைஞரும் ஆசிரியரும் பேராதனையின் தாவரவியலாளரும் சேர்ந்து இப்போதே தொடங்கவேண்டும்.