நீர்த்தொட்டியில் ஓர் ஆகாய விமானம்

இங்கிலாந்தின் தென்பாகத்திலே, ஹாம்ஷயர் மாகாணத்திலே, பார்ண்பரோ என்றோர் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இராணுவத்தார் பலூன்கள் செய்வதற்கென அங்கே ஒரு தொழிற்சாலையை அமைத்தனர். பலூன்களின் காலம் போய் விமானங்களின் காலம் வந்தபோது அத்தொழிற்சாலையும் தன் பெயரையும் தொழிலையும் மாற்றிக்கொண்டது. 1918ஆம் ஆண்டில் அது றோயல் விமான ஆய்வு நிலையம் என்னும் பெயரைப் பெற்றது. அரசாங்கத்தின் செலவில் நடைபெற்ற அந்த நிலையத்திலே, விமானங்களைக் கட்டுவதையன்றி அவற்றை உடைத்துப் பார்ப்பதையே நாளாந்த வேலையாகக் கொண்ட பொறியியலாளர் சிலரும் இருந்தனர்.

உடைப்பது எளிய வேலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அது அத்துணை எளிதன்று. ஒரு சிறகு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று அறிய அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்கலாம். முறியும்வரை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அது எந்த இடத்தில், எக்காரணத்தால், எந்தத் துளையின் ஓரத்திலிருந்து முறியத் தொடங்கியது என்று அறிவதற்குத்தான் சோதனைப் பொறியியலாளரின் கண் வேண்டும். அந்நிலையத்தில் பணிபுரிந்த ஏ. ஏ. கிரிபித் என்பவர் கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துச் சோதித்து, 1921இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலே அதற்கான விளக்கத்தின் அடிப்படையைத் தந்தார். கணக்கின்படி ஒரு பொருள் தாங்க வேண்டிய பாரத்தின் மிகச் சிறு பங்குக்கே அது ஒடிந்துபோகிறது. ஏன்? அப்பொருளிலே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் முன்னரே இருக்கின்றன. விசை முழுவதும் அவ்வெடிப்புகளின் நுனியிலே சென்று குவிகிறது. கிரிபித் கூறியதன் சாரம் இதுவே.

இதனோடு சேர்த்து அறியவேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் அது ஒடிவதில்லை. அங்கும் இங்குமாகப் பல முறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது போன்றதே இது. புகையிரத வண்டிகளின் அச்சுகள், அவற்றின் வலிமைக்கு மிகவும் குறைந்த பாரத்தைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென முறிந்தமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் கண்டனர். 1842இல் பாரிஸ் நகருக்கும் வேர்சேய்க்கும் இடையே நிகழ்ந்த கொடிய விபத்துக்கும் முறிந்த அச்சு ஒன்றே காரணம். பின்னர் பிரஷியாவிலே அவுகுஸ்ட் வோலர் என்பவர் அச்சுகளை இயந்திரங்களில் மாட்டி, இலட்சக்கணக்கான முறை சுழற்றி, இக்குணத்தை முறையாக அளந்தார். உலோகக் களைப்பு என்று நாம் வழங்குவது இதனையே.

விமானத்துக்கும் இக்களைப்பு உண்டென்பது பார்ண்பரோவில் எவரும் அறியாததன்று. அவ்வளவேன், பொறியியலாளராயிருந்து நாவலாசிரியரான நெவில் ஷூட் 1948இல் எழுதிய ஒரு நாவலின் கதாநாயகனே பார்ண்பரோவில் விமானத்தின் வாற்பகுதியை அதிரவைத்துச் சோதிக்கும் ஓர் ஆராய்ச்சியாளன்தான். ஆனால் பெரும்பாலார் அஞ்சியது சிறகுகளைக் குறித்தே. பிரயாணிகள் அமரும் உடற்பகுதியும் களைத்துப்போகும் என்ற அச்சம் அத்துணை வலுவாக இருக்கவில்லை.

1949 ஜூலை 27ஆம் நாள் டி ஹவிலண்ட் நிறுவனத்தாரின் கொமெற் விமானம் முதன்முதலாக வானில் எழுந்தது. கொமெற் என்பது வால்வெள்ளியைக் குறிக்கும். 1952 மே 2ஆம் நாள் பிரித்தானியக் கடல்கடந்த விமானக் கூட்டுத்தாபனத்தார் அதனை இலண்டனுக்கும் ஜொகானஸ்பேர்க்குக்கும் இடையே சேவையில் ஈடுபடுத்தினர். தாரை இயந்திரங்களால் உந்தப்பட்டு மக்களை ஏற்றிச் செல்லும் சேவை உலகில் அதுவே முதலாவது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே கொமெற் கொழும்புக்கும் வரத் தொடங்கிவிட்டது. சுழல்விசிறி விமானங்களின் இரைச்சலுக்கும் அதிர்ச்சிக்கும் பழகிப்போன பிரயாணிகளுக்கு, 35,000 அடிக்கும் மேலே, மழை மேகங்களையெல்லாம் கீழே விட்டுவிட்டு அமைதியாய்ச் சென்ற அப்பயணம் புதுமையாயிருந்தது.

அந்த உயரத்திலே மனிதன் மூச்சுவிட இயலாது. ஆகவே விமானத்தின் உள்ளே காற்றை அடைத்து அமுக்கத்தைப் பேணல் வேண்டும். கொமெற்றின் உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் சதுர அங்குலத்துக்கு 8.25 இறாத்தல் மிகையாயிருந்தது. சொல்லுங்கால் இது சிறு தொகையாகவே தோன்றும். ஆனால் ஒரு சதுர அடிக்குக் கணக்கிட்டால் அரைத் தொன்னுக்கும் மேலாகிறது. பல இடங்களில் ஓர் அங்குலத்தின் முப்பதில் ஒரு பங்கு அளவேயான அலுமினியக் கலப்புத் தகடு இவ்விசை முழுவதையும் தாங்கியது. ஒவ்வொரு முறை மேலெழும்போதும் அத்தகடு விம்மும்; இறங்கும்போது தளரும். கம்பியை வளைத்து நிமிர்த்துவது போன்றதுதான் இதுவும்.

1954 ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கொமெற் ஒன்று, றோம் நகரிலிருந்து இலண்டனை நோக்கிக் கடைசிக் கட்டமாக எழுந்தது. பதிவெழுத்துகளைக் கொண்டு அதனை யோக் பீற்றர் என்று அழைப்பர். ஏறத்தாழ இருபது நிமிடங்களில், எல்பாத் தீவுக்கு அண்மையிலே, அது வானிலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். போர்க்காலத்தில் பீ. பீ. சீ. வானொலியின் செய்தியாளராயிருந்த அவுஸ்திரேலியர் செஸ்டர் வில்மட் என்பவரும் அவர்களுள் ஒருவர்.

கொமெற் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணத்தைப் பற்றிப் பலர் பலவாறு ஊகித்தனர். ஊகித்தவற்றுக்கெல்லாம் பரிகாரமாகத் திருத்தங்கள் செய்யப்பட்டன. காரணம் இன்னதென்று தெரியாமலே நோயாளிக்கு எல்லா மருந்தையும் ஊட்டியதை ஒத்தது அச்செயல். மார்ச் 23ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கியது. பதினாறு நாட்கள் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள், யோக் யோக் எனப்பட்ட மற்றொரு கொமெற், றோமிலிருந்து கைரோவுக்குச் செல்லும் வழியில், நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே 21 பேரோடு கடலில் வீழ்ந்தது. அங்கே கடல் மிக ஆழம், எடுக்க வழியில்லை. சில நாட்களில் கொமெற்றின் பறப்புத் தகுதிப் பத்திரம் மீட்கப்பட்டது. ஒரு நாட்டின் விமானத் தொழில் முழுவதும் பார்ண்பரோவை நோக்கிக் காத்திருந்தது எனலாம்.

அந்நிலையத்தின் பணிப்பாளராயிருந்த ஆனல்ட் ஹோல் அப்போது நாற்பது வயதையும் எட்டாதவர். கட்டமைப்புப் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் பி. பி. வோக்கர். உடற்பகுதியின் களைப்பே காரணமாகலாம் என்னும் ஐயம் அவர்களுக்கு எழுந்தது. ஐயத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது: ஒரு முழு விமானத்தையே ஆயிரக்கணக்கான முறை பறக்கச் செய்து, உடையும்வரை பார்ப்பது. அதனை வானிலே செய்ய இயலாது, தரையிலே செய்யவேண்டும்.

இங்கேதான் சோதனைப் பொறியியலாளரின் நுட்பம் வெளிப்பட்டது. உடலினுள் காற்றை அடைத்துச் சோதித்தால், உடையும் கணத்தில் அது வெடிகுண்டு போல வெடித்து, எந்த இடத்தில் வெடிப்புத் தொடங்கியது என்ற தடயத்தையே அழித்துவிடும். காற்று அமுங்கும்போது பெருஞ்சத்தியைத் தன்னுள் சேமிக்கிறது. நீரோ ஏறத்தாழ அமுங்குவதேயில்லை. காற்றடைத்த சைக்கிள் ரியூப் வெடித்தால் தெருவெல்லாம் திரும்பிப் பார்க்கும். நீர் நிறைந்த குடம் கீறினால் நீர் கசியும், அவ்வளவே. ஆகவே விமானத்தைச் சுற்றி உருக்குத் தகடுகளால் ஒரு பெருந்தொட்டி கட்டி, உடலின் உள்ளும் புறமும் நீரை நிரப்புவதெனத் தீர்மானித்தனர். இருபுறமும் நீர் இருப்பதால் நீரின் பாரம் தகட்டை வருத்தாது. மேலதிகமாகச் சிறிது நீரை உள்ளே செலுத்தினால் அமுக்கம் ஏறும். வெளியே விட்டால் இறங்கும்.

யோக் அங்கிள் என்னும் கொமெற் இதற்கெனப் பார்ண்பரோவுக்குக் கொண்டுவரப்பட்டது. சிறகுகள் தொட்டியின் இருமருங்கும் வெளியே நீண்டிருந்தன. அவற்றை நீரமுக்க ஜாக்கிகள் மேலும் கீழுமாக வளைத்து, வானிலே காற்று மோதுவதைப் போன்ற அசைவைக் கொடுத்தன. பல மணி நேரம் கொள்ளும் ஒரு பிரயாணத்தின் வருத்தமெல்லாம் சில நிமிடங்களில் அவ்வுடலுக்கு ஊட்டப்பட்டது. இரவென்றும் பகலென்றும் பாராது வேலை நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பறப்புக்கு ஒரு முறை, அமுக்கத்தை வழமையினும் மூன்றிலொரு பங்கு உயர்த்தியும் பார்த்தனர். இவ்வாறு மணிக்கூட்டைப் பார்த்து மானிகளைக் குறித்துக்கொண்டிருப்பது சலிப்பூட்டும் வேலைதான். எனினும் ஐம்பத்தாறு பேரின் சாவுக்குரிய விடை அந்தச் சலிப்பின் மறுகரையில்தான் இருந்தது.

ஜூன் 24ஆம் நாள் அமுக்கமானியின் முள் வீழ்ந்தது. நீரை வடித்துப் பார்த்தபோது, உடலின் முற்பாகத்தில், இடது பக்கத்து அவசர வழியின் மூலையிலிருந்து தகடு நெடுகக் கிழிந்திருந்தது. அவ்விமானம் சேவையில் உண்மையாகவே பறந்தவை 1,221 பறப்புகள். தொட்டியிலே பறந்தவை 1,836. ஆக 3,057.

கடலில் வீழ்ந்த யோக் பீற்றர் 1,290 பறப்புகளையும், யோக் யோக் 900 பறப்புகளையுமே கண்டிருந்தன. களைப்பு என்பது எல்லாத் தகட்டையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. ஒரே வார்ப்பில் வந்த இரு துண்டுகளின் ஆயுளும் பெரிதும் வேறுபடும். ஆகவே இத்தொகைகளின் வேறுபாடு எவரையும் மலைக்கவைக்கவில்லை. மலைக்கவைத்தது வேறொன்று. கொமெற்றைக் கட்டியோர் தாமும் முன்னரே ஒரு மாதிரி உடற்பகுதியைச் சோதித்திருந்தனர். அது 18,000 முறை அமுக்கத்தைத் தாங்கிய பின்னரே உடைந்தது. பதினெண்ணாயிரம் எங்கே, தொள்ளாயிரம் எங்கே?

விடை அச்சோதனையின் வரலாற்றிலேயே இருந்தது. அந்த மாதிரிப் பகுதியை முதலில் வலிமைச் சோதனைக்கென எடுத்து, வழமையான அமுக்கத்தின் இருமடங்கு வரை ஏற்றியிருந்தனர். அத்துணைப் பெரிய விசையினால் யன்னல் மூலைகளிலும் ஆணித்துளை ஓரங்களிலும் உலோகம் சிறிதே இளகி நீண்டது. அமுக்கத்தை இறக்கியபோது, நீண்ட அப்பகுதியைச் சுற்றிலுமுள்ள தகடு நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் பின் வந்த சிறிய அமுக்கங்கள் முதலில் அந்த நெருக்கத்தையே கழிக்க வேண்டியிருந்ததால், மூலையை அவற்றால் அதிகம் வருத்த முடியவில்லை. சுருங்கச் சொன்னால், முதற் சோதனையே இரண்டாஞ் சோதனைக்கு ஒரு கவசத்தை அணிவித்துவிட்டது. மக்களை ஏற்றிப் பறந்த விமானங்களுக்கு அக்கவசம் இல்லை. நேர்மையாகச் செய்யப்பட்ட சோதனைதான். அதிலே பொய் ஏதும் இல்லை. ஆயினும் சோதிக்கப்பட்ட பொருள் வேறு, பறந்த பொருள் வேறு ஆயிற்று.

பார்ண்பரோவில் யன்னல் மூலையருகே விகாரமானிகளை ஒட்டி அளந்தபோது, உலோகம் அறுந்துபோகும் அளவின் எழுபது சதவீதத்தை எட்டும் தகைப்பு அங்கே குவிந்திருக்கலாம் எனத் தெரிந்தது. கட்டியோரின் கணக்கில் அது அத்துணை உயர்ந்திருக்கவில்லை.

இதற்கிடையே எல்பாவின் கடலடியில் கடற்படையினர் தேடிக்கொண்டிருந்தனர். 400 அடிக்கும் அதிகமான ஆழத்திலே, நீரின் கீழே படமெடுக்கும் தொலைக்காட்சிக் கருவிகளை இறக்கித் துண்டு துண்டாக மீட்டனர். அத்துண்டுகள் பார்ண்பரோவிலே ஒரு மரச்சட்டத்தின் மீது தத்தம் இடத்தில் பொருத்தப்பட்டன. இடது சிறகின் மேற்பரப்பில் உடற்பகுதியின் வர்ணம் உராய்ந்த கீறல்கள் காணப்பட்டன; ஆகவே சிறகு முறியுமுன்னரே உடல் பிளந்து சிறகிலே மோதியிருக்கிறது. மீட்கப்பட்ட பதினைந்து உடல்களைப் பரிசோதித்த பீசா நகரத்துப் பேராசிரியர் போர்னாரி, அவர்களது நுரையீரல்கள் கிழிந்திருந்தமையையும் மண்டையோடுகள் நொறுங்கியிருந்தமையையும் கண்டார். பார்ண்பரோவினர் பேர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகு பொருளாலே பத்திலொரு பங்கு அளவில் ஒரு மாதிரி உடலைச் செய்து, சின்னஞ்சிறு ஆசனங்களையும் பொம்மைப் பிரயாணிகளையும் வைத்து, அமுக்கத்தைத் திடீரெனத் திறந்துவிட்டனர். பொம்மைகள் கூரையிலே சென்று மோதியதை விரைவுப் படக்கருவி பதிவு செய்தது.

ஆகஸ்ட் மாதத்தில், யோக் பீற்றரின் கூரைத் துண்டு கிடைத்தது. திசையறியும் வானொலிக் கருவிக்கென அக்கூரையில் இரு சாளரங்கள் அமைந்திருந்தன. அவற்றுள் பிற்சாளரத்தின் மூலையில் களைப்பு வெடிப்பின் அடையாளம் தெளிவாயிருந்தது. பிரயாணிகளின் சதுர யன்னலே விமானத்தை வீழ்த்தியது என்று இன்றும் பலர் கூறுவர். அது முற்றிலும் சரியன்று. அவ்யன்னல்களின் மூலைகளும் வளைந்தே இருந்தன; முதலிற் பிளந்ததோ கூரையிலிருந்த வானொலிச் சாளரம்.

1954 அக்டோபர் 19ஆம் நாள் கோகன் பிரபுவின் தலைமையில் விசாரணை தொடங்கியது. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கை, யோக் பீற்றரின் அழிவுக்கு உலோகக் களைப்பே காரணமெனத் தீர்மானித்தது. எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பார்ண்பரோவின் முடிபுகள் மறைக்கப்படவில்லை. அமெரிக்க விமானக் கட்டுநரும் அவற்றைப் படித்துப் பயன்பெற்றனர். முழு உடலையும் நீரில் ஆழ்த்திச் சோதிக்கும் முறை பிற நாடுகளுக்கும் பரவியது. வலிமைக்கு ஒரு மாதிரியையும் களைப்புக்கு வேறொரு மாதிரியையும் பயன்படுத்துவது வழக்கமாயிற்று.

தடித்த தகட்டோடும் வட்ட வடிவ யன்னல்களோடும் புதிதாகக் கட்டப்பட்ட நான்காம் கொமெற் 1958 அக்டோபர் 4ஆம் நாள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் தாரை விமானச் சேவையைத் தொடங்கியது. மூன்று வாரங்களில் அமெரிக்கரின் போயிங் 707 பின்தொடர்ந்தது. அதன் பின் உலகச் சந்தை பெரும்பாலும் போயிங்கின் பக்கமே சாய்ந்தது. பார்ண்பரோ நிலையம் 1988இல் பெயர் மாறி, 1991இல் வேறொரு பாதுகாப்பு ஆய்வு அமைப்பிலே கலந்துபோயிற்று. எல்பாவின் கடலிலிருந்து எடுத்த அந்தக் கூரைத் துண்டு, இரு சாளரத் துளைகளோடும் அவற்றினின்றும் ஓடிய கிழிசலோடும், இலண்டன் விஞ்ஞான நூதனசாலையின் உடைமையாயிற்று.