கோகினூர் வைரம்: எடையும் ஒளியும்

பூமியிலிருந்து எடுக்கப்படும் வைரம், பார்வைக்கு மங்கலான கண்ணாடித் துண்டு போலவே இருக்கும். அதன் மேற்பரப்பைத் தேய்த்து, வழவழப்பான சமதளங்களை உண்டாக்குவதே பட்டை தீட்டுதல் எனப்படும். இதில் வடிவம் வேறு, வெட்டு வேறு. வட்டம், நீள்வட்டம், சதுரம், பேரிக்காய் உருவம் முதலியவை மேலிருந்து பார்க்கும்போது தெரியும் வடிவங்கள். பட்டைகள் எத்தனை, அவை எந்தக் கோணத்தில் அமைந்துள்ளன என்பதைக் குறிப்பது வெட்டு. கல்லின் மின்னல் பெரும்பாலும் வெட்டைப் பொறுத்தது. ஆனால் ஒவ்வொரு பட்டைக்கும் கல்லின் எடையில் ஒரு பங்கு கழிகிறது. எடையைக் காப்பதா, ஒளியைக் கூட்டுவதா என்ற கேள்விக்கு இந்தியாவும் ஐரோப்பாவும் வெவ்வேறு விடை கண்டன. அந்த வேறுபாட்டைக் கோகினூர் வைரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இந்திய முறை

18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகின் வைரங்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. கிருஷ்ணா ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர் போன்ற சுரங்கங்களின் கற்கள் கோல்கொண்டா வைரங்கள் எனப் பெயர் பெற்றன. இயற்கையான வைரப் படிகம் பெரும்பாலும் இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்தது போன்ற எண்முக உருவம் கொண்டது. எட்டு முகங்களும் ஆறு முனைகளும் பன்னிரண்டு விளிம்புகளும் குறையின்றி அமைந்த கல்லையே பழைய வடமொழி இரத்தினப் பரீட்சை நூல்கள் சிறந்ததாகக் கூறின. 17ஆம் நூற்றாண்டில் சுரங்கங்களை நேரில் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே, மாசற்ற கல்லை இந்தியத் தொழிலாளர்கள் எடை குறையாதபடி மெருகு மட்டும் ஏற்றியதையும், மாசுள்ள கல்லில் அதை மறைக்கச் சிறு பட்டைகள் போட்டதையும் பதிவு செய்துள்ளார்.

ஐரோப்பிய முறை

ஐரோப்பியர் எண்முகத்தின் ஒரு முனையைத் தேய்த்துத் தட்டையாக்கும் மேசை வெட்டைக் கையாண்டனர். அடி தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும் இருக்கும் ரோஜா வெட்டு அடுத்துப் பரவியது. பின்னர் மேலும் கீழும் பல பட்டைகள் கொண்ட பிரில்லியண்ட் வெட்டு வந்தது. இதன் அடிப்படை எளியது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.42. அடிப்பகுதியின் கோணம் சரியாக இருந்தால், மேலிருந்து நுழையும் ஒளி உள்ளேயே எதிரொளித்து மீண்டும் மேல்வழியே வெளியேறும். கோணம் தவறினால் ஒளி அடிவழியே கசிந்துவிடும். கல் மங்கலாகத் தெரியும்.

கண்காட்சியில் ஏமாற்றம்

1849இல் பஞ்சாபைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, லாகூர் உடன்படிக்கையின்படி கோகினூரை விக்டோரியா அரசிக்கு ஒப்படைக்கச் செய்தது. அப்போது சீக்கிய மன்னர் துலீப் சிங்குக்கு வயது 10. 1851இல் லண்டன் ஹைடு பார்க்கில் நடந்த பெருங்கண்காட்சியில் கல் வைக்கப்பட்டது. அதன் எடை இன்றைய அளவில் ஏறக்குறைய 191 கேரட். திரண்டு வந்த மக்கள் எதிர்பார்த்த மின்னலைக் காணவில்லை. விளக்குகளைக் கூட்டிப் பார்த்தும் பெரிய பயன் இல்லை. ஒளிக்காக வெட்டப்படாத கல்லில் அவர்கள் ஒளியைத் தேடினர்.

1852இல் நடந்தது

அரசியின் கணவர் ஆல்பர்ட், கல்லை மறுபடி வெட்டச் செய்ய முடிவெடுத்தார். இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் அதை ஆராய்ந்து, உள்ளே குறைகள் இருப்பதைக் கண்டார். ஆம்ஸ்டர்டாமின் கோஸ்டர் நிறுவனத் தொழிலாளர்கள் லண்டனுக்கு வரவழைக்கப்பட்டனர். நீராவி எந்திரத்தால் சுழலும் தட்டில், 1852 ஜூலையில் வெலிங்டன் பிரபு முதல் பட்டையைத் தொடங்கி வைத்தார். 38 நாள் வேலைக்குப் பின் 105.6 கேரட் எடையுள்ள நீள்வட்டக் கல் கிடைத்தது. எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கழிந்துவிட்டது. இவ்வளவு எடை குறைந்தது ஆல்பர்ட்டுக்கே மனநிறைவு தரவில்லை.

1854இல் இங்கிலாந்து சென்ற துலீப் சிங்கிடம் அரசி அந்தக் கல்லைக் காட்டினார். 15 வயதான அவர் அதைச் சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, அரசியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலம்

1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி, வட்ட வைரம் நன்கு ஒளிர வேண்டிய கோணங்களைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். இன்றைய 57 அல்லது 58 பட்டை கொண்ட வட்ட வெட்டு அந்தக் கணக்கை ஒட்டியது. இதற்காகக் கல்லின் எடையில் பாதியளவு கழிவதை வைரத் தொழிலில் இப்போது இயல்பாகவே கொள்கின்றனர்.

கோகினூர் இன்று லண்டன் கோபுரத்தில், 1937இல் செய்யப்பட்ட முடியில் உள்ளது. அதன் பழைய உருவத்தை, வெட்டுவதற்கு முன் எடுத்த சாந்து வார்ப்பின் வழியாக அறிய முடிகிறது. பழைய இந்திய வெட்டைப் பெரிய கல்லில் காண விரும்புவோர், மாஸ்கோவில் பாதி முட்டை போல் இருக்கும் ஓர்லோவ் வைரத்தையும், தெஹ்ரானில் தட்டையான மேசை போல் இருக்கும் தரியா-இ-நூரையும் பார்க்கலாம்.