கயிறில்லாமல் ஓடிய லோரி



ஒரு பால் டின், ஒரு சார்டின் டின், தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பர் ஒரு ஜோடி. இவ்வளவு இருந்தால் போதும், தோட்டத்துப் பிள்ளைகள் லோரி செய்துவிடுவார்கள். சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். முன்னால் ஒரு கயிறு கட்டினால் வண்டி தயார். லயத்து வாசலிலிருந்து கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடலாம்.

இன்று சில பிள்ளைகள் கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். லோரி தானே போகிறது, வளைகிறது, பின்னுக்கு வருகிறது, கல்மேட்டில் ஏறுகிறது. கயிறு எங்கே போயிற்று? அது போன கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதன்முதலில் கயிற்றை அறுத்தவர் நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி. 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், மேடிசன் ஸ்குவேர் கார்டன் மண்டபத்தில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அங்கே தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு சிறிய படகை மிதக்க விட்டார். எட்டி நின்றபடியே அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. மந்திரம் என்றார்களாம், உள்ளே பழக்கிய குரங்கு ஒன்று இருக்கிறது என்றுகூடச் சொன்னார்களாம். உள்ளே இருந்ததோ உலோகத் தூள் அடைத்த ஒரு சிறு குழாய். வானொலி அலை வந்து பட்டால் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த கட்டளைக்குத் தயாராக வேண்டுமானால் குழாயைப் புரட்டித் தூளை உதிர்க்க வேண்டும். அவ்வளவுதான் மந்திரம்! அதே ஆண்டு நவம்பர் 8-இல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பில் கப்பல் மட்டுமல்ல, வண்டி என்ற சொல்லும் இருக்கிறது.

வண்டியையே ஓட்டிப் பார்த்தவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ. மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தரையில் ஓட்டிப் பழகிய பிறகு, 1906-இல் பில்பாவோ துறைமுகத்தில் மன்னர் முன்னிலையில் ஒரு படகை இயக்கிக் காட்டினார்.

இவர்களெல்லாம் பெரிய விஞ்ஞானிகள். சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கைக்கு இது எப்படி வந்தது? அங்கேதான் சுவாரசியம் இருக்கிறது.

அமெரிக்காவில் கலாமசூ என்றொரு ஊர். அவ்வூர் இரட்டையர் வால்ட்டர் குட், வில்லியம் குட். 1937-இல் இருவரும் சேர்ந்து வானொலியால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். இறக்கை 8 அடி. கடைக்குப் போய் வாங்கலாம் என்றால் அப்போது அதற்கென்று சாமான் ஏது? ஒருவர் விமானத்தைக் கட்டினார், மற்றவர் வானொலியைக் கட்டினார். அந்த விமானம் இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

இந்த இடத்தில் நம் தோட்டத்து வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அந்தக் காலத்து விமானத்தையும் படகையும் வண்டியையும் திருப்பிய சக்தி பெரும்பாலும் மின்சாரம் அல்ல, ரப்பர்! ஒரு ரப்பர் பட்டையை நன்றாக முறுக்கி வைப்பார்கள். அது சுற்ற முயலும். ஒரு சிறு கொக்கி தடுத்து நிறுத்தும். பொத்தானை அமுக்கினால் மின்காந்தம் கொக்கியை இழுக்கும், ரப்பர் கால் சுற்று சுற்றும், வண்டி வலப்பக்கம் திரும்பும். கையை எடுத்தால் இன்னொரு கால் சுற்று, சக்கரம் நேராகும். மறுபடி அமுக்கினால் இடப்பக்கம். ஒரே பொத்தான்தான், ஆகவே கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். மறந்தால் வண்டி வடிகாலுக்குள்தான்! முறுக்கு தீர்ந்தாலும் அதே கதி. அக்காலத்தில் உலகத்துக்கு ரப்பர் அனுப்பிய நாடுகளில் மலாயா முன்வரிசையில் இருந்தது. எங்கோ ஒரு வீட்டுப் பையன் முறுக்கிய அந்தப் பட்டையில், நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து மரம் சீவி எடுத்த பாலும் இருந்திருக்கலாம் அல்லவா?

1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டி சிறுத்தது, பேட்டரியின் பாரமும் குறைந்தது. 1960-களில் ரப்பருக்குப் பதில் சர்வோ என்னும் சிறு கருவி வந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளினால் சக்கரமும் கொஞ்சமே திரும்பும். முழுக்கத் தள்ளினால் முழுக்கத் திரும்பும். பெட்டியிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 50 முறை மின்துடிப்பு போகிறது. துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் சக்கரம் நேர். ஒரு பங்கானால் ஒரு பக்கம், இரண்டு பங்கானால் மறு பக்கம். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

பிறகு கடைக்காரர்கள் விடுவார்களா? 1966-இல் இத்தாலியில் ஒரு நிறுவனம் வானொலிக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் போர்ஷே காரை வெளியிட்டது. அதே நிறுவனம் 1981-இல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை மூன்று கியரோடும் நான்கு சக்கர இழுவையோடும் கொண்டுவந்தது. அதன் விலை கூலிவேலை செய்யும் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியதா என்ன!

ஆனால் ஒன்று. பெட்டியில் வருவது கம்பெனிக்காரன் நினைத்த லோரி. நம் கண்ணெதிரே தினமும் போகிறதே, செம்பனைக் குலை ஏற்றும் லோரி, பலகை அடித்த பழைய மர லோரி, அது எந்தப் பெட்டியில் வருகிறது? உலகெங்கும் இந்த ஏக்கம் இருந்தது. அதனால்தான் தன் ஊர் லோரியைத் தானே கட்டிக்கொள்ளும் கூட்டம் இன்றும் குறையவில்லை. அலுமினியச் சட்டத்தைத் துளையிட்டு அடித்தளம் செய்கிறார்கள். பலகையாலும் தகரத்தாலும் உடல் செய்கிறார்கள். பெரிய வண்டிக்குப் பழைய காரின் கண்ணாடி துடைக்கும் மோட்டாரையே போட்டுவிடுகிறார்கள். அது மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாக இழுக்கும். ஆகவே பெற்றோர்களே, வீட்டில் கெட்டுப்போன சாமானைப் பிள்ளை கழற்றினால், மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டோமா என்று பார்த்த பிறகு திட்டலாம்!

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. கடையில் கிடைக்கும் ஒரு மோட்டார், சுமையில்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தை நேராக அதில் மாட்டினால், மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போகாது, சுமையைத் தாங்காமல் மோட்டார் புகைந்துவிடும். இடையில் பல்சக்கரங்களை வைத்து 30 சுற்றை 1 சுற்றாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர்; இழுக்கும் பலமோ பல மடங்கு. சுமை ஏற்றிய லோரி மேட்டில் ஏன் சின்ன கியர் போட்டு முனகிக்கொண்டு ஏறுகிறது என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சில பாதைகளே கிடைத்தன. இரண்டு பிள்ளைகளின் பெட்டி ஒரே பாதையில் இருந்தால் ஒருவன் கட்டளைக்கு மற்றவன் லோரி ஓடும், அப்புறம் சண்டைதான். இப்போதைய பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. பல பெட்டிகள் பாதை விட்டுப் பாதை தாவிக்கொண்டே பேசுகின்றன. இப்படித் தாவும் முறைக்கு 1942-இல் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் யார் தெரியுமா? ஹெடி லமார் என்ற சினிமா நடிகை! மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். கடற்போரில் ஏவும் டார்பிடோவை எதிரி திசைமாற்றிவிடக் கூடாதே என்று யோசித்த யோசனை அது.

லோரி செய்து முடித்த தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஓட்டும்போது கையிலிருக்கும் பெட்டியை முதலில் போடுங்கள், அதன் பிறகே லோரியைப் போடுங்கள். நிறுத்தும்போது லோரியை முதலில் நிறுத்துங்கள், பெட்டி பிறகு. மாற்றிச் செய்தால், கட்டளை கிடைக்காத லோரி எங்கிருந்தோ வந்த அலையைக் கேட்டுத் தானாகவே புறப்பட்டுவிடக்கூடும்.