கூடை சுமந்த விருந்தினர்

வெள்ளம் வரும்போது ஊர் முழுவதும் ஒரே துன்பத்தில் நிற்கும். வடிந்த பின்னரோ ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வாயிலில் தனியே நிற்கும். சுவர் கரைந்திருக்கும், அடுப்படியைச் சேறு மூடியிருக்கும், பெட்டியிலிருந்த பத்திரமும் பாயும் தலையணையும் ஒன்றாய் அழுகிக் கிடக்கும். அரிசியும் ஆடையும் அனுப்புவோர் அப்போது உண்டு. சேற்றை வாரிக் கொட்டவும், மீண்டும் சுவரெழுப்பவும் உடன் நிற்போர் யார்? இவ்வினாவுக்குச் சென்ற நூற்றாண்டில் ஒரு சிறு கூட்டத்தார் தம் கைகளால் அளித்த விடையை ஈண்டு நினைவுகூர விரும்புகிறோம்.

அக்கூட்டத்தின் தலைவர் பியர் செரசோல், 1879-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிறந்தவர். அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவரின் மைந்தர்; பொறியியல் கற்றவர். படைவரி செலுத்த மறுத்துச் சிறை புகுந்தார். எனினும் மறுப்பதோடு கடமை தீர்ந்தது என்று அவர் கருதினாரில்லை. படைவீரன் நாட்டுக்காக உடலை வருத்துகிறான் எனில், போரை வெறுப்பவனும் அதற்குக் குறையாமல் உடலை வருத்த வேண்டும் என்றார். 1920-இல் வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் பாழ்பட்ட பிரெஞ்சுச் சிற்றூரில் தோழர் சிலருடன் மண்வெட்டியை எடுத்தார். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றைய பகைவரின் உதவியை ஏற்க அவ்வட்டாரத்து அதிகாரிகள் ஒப்பவில்லை. சில திங்களில் பணி நின்றது. பணி நின்றதேயன்றி எண்ணம் நிற்கவில்லை. சர்வதேசக் குடிமைப் பணி இயக்கம் அங்கேதான் வேர்விட்டது. முறிந்த வாளின்மீது மண்வெட்டி கிடப்பது அதன் சின்னம்.

1927 செப்டம்பரில் ரைன் ஆறு கரையை உடைத்துக்கொண்டு லீக்டென்ஸ்டைன் என்னும் சிறு நாட்டினுள் புகுந்தது. விளைநிலங்கள் மணலாலும் கல்லாலும் மூடப்பட்டன. மறு ஆண்டு 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 700-க்கும் அதிகமான தொண்டர்கள் அங்கே திரண்டனர். ஆடவர் கல்லையும் மணலையும் அகற்றினர். பெண்டிர் சமைத்தும், துணி வெளுத்தும், கிழிந்தவற்றைத் தைத்தும் உழைத்தனர். கூலி இல்லை, உணவும் படுக்கையுமே உண்டு. 1930-இல் தென்மேற்குப் பிரான்சில் தார்ன் ஆறு பெருகிச் சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோனது. சுடாத மண்கல்லால் எழுப்பிய வீடுகள் நீரில் கரைந்து வீழ்ந்தன. அங்கும் லகார்த் என்னும் சிற்றூரில் இத்தொண்டர்கள் மக்களோடு சேர்ந்து உழைத்தனர்.

இந்த மண்வெட்டி நம் நாட்டுக்கும் வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் குலுக்கியது. 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிளந்த நிலம் நீரையும் மணலையும் கக்கியது. வாய்க்கால்கள் தூர்ந்தன, நிலமட்டம் மாறியது. நிலநடுக்கத்துக்குத் தப்பிய சிற்றூர்களை மழைக்காலத்து வெள்ளம் சூழ்ந்தது. இராஜேந்திர பிரசாத் சிறையினின்று வெளிவந்து நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றார். செரசோல் அவ்வாண்டே வந்து நிலைமையைக் கண்டார்; பின்னர்த் தோழர் சிலரோடு மீண்டும் வந்து, முஸஃபர்பூர் மாவட்டத்தில் மேட்டு நிலத்தில் புது வீடுகள் எழ உழைத்தார். அவ்வாறு எழுந்த ஓர் ஊருக்குச் சாந்திபூர் என்று பெயர். 1937 வரை அப்பணி நடந்தது.

இங்கே ஒரு வினா எழும். கடல் கடந்து வந்த சிலரின் பயணச் செலவைப் பணமாகவே அனுப்பியிருந்தால் மேலும் சில வீடுகள் எழும்பியிராவோ? கணக்கு அளவில் இது நியாயமான வினாவே. பீகாரில் உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. அனுப்பிய பணத்தைப் பெறுகிறவன் கை தாழ்ந்து நிற்கிறது. கூடையின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை வந்தவனும் பிடிக்கும்போது இருவர் கையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அந்நியர் ஆட்சி நிலவிய நாளில், வெள்ளையர் ஒருவர் ஏழைக் குடியானவனின் வீட்டுக்கு மண் சுமந்ததன் பொருளை எந்த நிதிப் பட்டியலும் உரைக்காது. அரபு மொழியில் 'காதிம்' என்பது ஊழியனுக்குப் பெயர். பேரரசர்கள் விரும்பிச் சூடிய பட்டமும் அதுவே. ஊழியத்தில் இழிவில்லை என்பதை அம்மொழி என்றோ அறிந்திருந்தது.

செரசோல் 1945-இல் மறைந்தார். படைப்பணிக்கு மாற்றாகக் குடிமைப் பணி வேண்டும் என்று அவர் கேட்டதை அவருடைய நாடு சட்டமாக்கி நடைமுறைப்படுத்தியது 1996-இல்தான். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நம் ஊரிலும் ஆறு பெருகும், நீர் வடியும், ஒரு குடும்பம் சேற்றின் நடுவே திகைத்து நிற்கும். அன்று நாம் அரிசி மூட்டையோடு திரும்பிவிடுவோமா, மேலாடையைக் களைந்துவிட்டுக் கூடையின் மறுபக்கத்தைப் பிடிப்போமா?